பெட்டியில் போகிற கத்தி

இதுவரை விமானப் பயணங்களில் நான்கு கத்திகளைத் தொலைத்திருக்கிறேன். மூன்று பாதுகாப்புச் சோதனை மேசையில் போயின, ஒன்று செக்-இன் செய்த பெட்டிக்குள் இருந்தே மாயமானது. மேசையில் போன மூன்றில் ஒன்றுகூடப் போகும்போது போகவில்லை, மூன்றும் திரும்பி வரும்போதுதான். கிளம்பும்போது பட்டியல் போட்டு, இரண்டு நாள் முன்னாலேயே எடுத்து வைத்து, பொறுமையாக அடுக்குகிறோம். திரும்பும் நாள் காலையில் ஈரத்துணியையும் செருப்பையும் சார்ஜரையும் கிடைத்த இடத்தில் அமுக்கிவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுக்கிறோம். அந்த நேரத்தில் கத்தி எங்கே இருக்கும்? முந்தின நாள் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றிய சின்னப் பையின் முன் அறையில். அந்தச் சின்னப் பைதான் கேபினுக்குள் வரப்போகிற பை.

இவ்வளவு பட்டும் ஏன் இன்னும் கத்தியோடு பயணம் செய்கிறேன் என்றால், இல்லாமல் போன பயணங்களில் பட்டது அதைவிட அதிகம். கெட்டிப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்த ஒரு பொருளைப் பல்லால் கடித்துத் திறக்க முயன்றவர்களுக்குத் தெரியும். பழம் நறுக்க, ரொட்டி வெட்ட, புதுச் சட்டையின் அட்டையை அறுக்க, காலுக்குப் பிளாஸ்திரி வெட்ட, பெட்டியில் போட்ட பிளாஸ்டிக் பட்டையைக் கழற்ற. ஒரு பயணத்தில் எதற்கெல்லாம் கத்தியை எடுக்கிறேன் என்று குறித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் நான் விரித்தது கத்தியின் அலகை அல்ல, அதிலிருந்த கத்தரியை. இது தெரிந்த பிறகு கத்தி தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். செக்-இன் பெட்டியில் கத்தி வைக்கலாம், கேபினில்தான் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்து, வீட்டில் இருந்ததிலேயே சிறந்த கத்தியை எடுத்துக்கொண்டு லண்டன் போனேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்து, 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும் கத்தி. நல்ல எஃகு, நல்ல பிடி. விமானத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, பெட்டியும் பத்திரமாக வந்தது. நான் தங்கியிருந்த வீட்டு நண்பன் அதைக் கையில் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "டேய், இதைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு வெளியே மட்டும் போயிடாதே" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கத்தி, மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது 7.62 செ.மீ. இன்னொன்று, விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தியை அங்குள்ள நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாகவே ஏற்பதில்லை. என் கத்தி இரண்டிலும் தோற்றது. பத்து நாளும் அது அறையிலேயே கிடந்தது, நான் வெளியே பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிட்டேன்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பெட்டியில் வைக்க விமான நிறுவனம் அனுமதிக்கிறது என்பதற்கும், இறங்கின ஊரில் அதைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலாவது விமானத்துக்கான விதி, இரண்டாவது அந்த நாட்டின் குற்றவியல் சட்டம். முதலாவதில் தவறினால் கத்தியோடு போகும், இரண்டாவதில் தவறினால் காவல் நிலையம். கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாவதை வைத்துத்தான். முதலாவதற்கு, அலகை மூடி ஒழுங்காகச் சுற்றி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைக் காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடாது, அந்த ரகக் கத்திக்கு நீளம் எவ்வளவு என்பதே அங்கே கேள்வி இல்லை. திருவிழா மாதிரியான பொது நிகழ்ச்சிகளில் 2024-க்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. ஜப்பானில் தக்க காரணமில்லாமல் 6 செ.மீ.-க்கு மேல் அலகுள்ள கத்தியைக் கொண்டுபோவது குற்றம். பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு 8 செ.மீ. வரை ஒரு விலக்கு உண்டு, அதற்கும் அகலம், தடிமன் என்று நிபந்தனைகள். அதைவிடச் சின்னதாக இருந்தாலும் 'சும்மா வைத்திருக்கிறேன்' என்பதை அங்கே காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சிறு குற்றங்களுக்கான தனிச் சட்டத்தில் பிடிக்கலாம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி, பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பிடி விரியும் கத்தி, பேனா போலவோ பெல்ட் வார்ப்பூட்டு போலவோ வேஷம் போட்ட கத்தி, இவற்றையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பொத்தான் கத்தியை நாட்டுக்குள் கொண்டுவருவதே தடை, பெட்டிக்குள் இருந்தாலும்.

இத்தனையையும் போட்டுச் சலித்தால் கடைசியில் சல்லடையில் நிற்பது கொஞ்சம்தான். பூட்டு இல்லாதது, இரண்டு கையால் நகத்தைக் கொடுத்துத் திறக்க வேண்டியது, அலகு 7 செ.மீ.-ஐத் தாண்டாதது. அப்புறம் நான் சேர்த்துக்கொள்வது, பார்வைக்குச் சாதுவாக இருப்பது. இதை எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை, ஆனால் கையில் வாங்கிப் பார்க்கிறவரும் மனிதர்தானே. கறுப்புப் பூச்சும் ரம்பப் பல்லுமாக ஒரு கத்தி இருந்தால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். சிவப்புப் பிடியில் கத்தரியும் பல்குச்சியும் செருகிய ஒன்றைப் பார்த்தால் வேறு மாதிரி ஆகும், சில சமயம் சிரிக்கக்கூடச் செய்வார்.

ஆமாம், கடைசியில் சுவிஸ் கத்தியில்தான் வந்து நிற்கிறேன். புதுமையாக ஏதாவது சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை அதுதான். அதைச் செய்கிற விக்டோரினாக்ஸ் நிறுவனத்தில் 91 மி.மீ. வரிசை என்று ஒன்று உண்டு, மூடிய நிலையில் அளந்தால் 91. ஸ்பார்டன், கிளைம்பர், ஹன்ட்ஸ்மேன் எல்லாம் அதில் வரும். பெரிய அலகு சுமார் 7 செ.மீ., பூட்டு கிடையாது. கத்தரி வேண்டுமென்றால் கிளைம்பர். ஸ்பார்டனில் கத்தரி இல்லை, அதை வாங்கிவிட்டு ஒரு வருடம் வருத்தப்பட்டவன் நான். அதே நிறுவனத்தின் 111 மி.மீ. வரிசை அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பூட்டோடு வரும், அலகும் 8 செ.மீ.-ஐத் தாண்டும். 'சுவிஸ் கத்திதானே, எல்லா இடத்திலும் விடுவார்கள்' என்று அதை எடுத்துப் போகாதீர்கள். பெயரைப் பார்க்காமல் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

சாவிக்கொத்தில் தொங்குகிற 58 மி.மீ. கிளாசிக் இருக்கிறதே, அது தனி ரகம். இருபது கிராம் சொச்சம் எடை, சுண்டுவிரலைவிடச் சின்ன அலகு, கத்தரி, நகராவி, சாமணம், பல்குச்சி. நகரத்துப் பயணத்துக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து. ஆனால் சோதனை மேசையில் நான் தொலைத்த மூன்றில் இரண்டு இந்த ரகம்தான். சாவியோடு சாவியாகத் தொங்குவதால் அது கத்தி என்பதே மறந்துபோகும். இப்போது பயணத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே சாவிக்கொத்திலிருந்து கழற்றிவிடுகிறேன்.

பூட்டில்லாத கத்தியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. முனையால் குத்தித் துளைக்கப் பார்த்தால் அலகு மடங்கி விரலில் இறங்கும். ஒரு அட்டைப் பெட்டியைக் குத்தித் திறக்கப் போய் ஆள்காட்டி விரலில் நல்ல வெட்டு வாங்கினேன். அன்று பிளாஸ்திரி வெட்டக்கூட அதே கத்தியின் கத்தரிதான் உதவியது. இழுத்து அறுக்க வேண்டும், குத்தக்கூடாது. துளை போட அதிலேயே ஒரு ஊசி முனைக் கருவி இருக்கும்.

ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் பிரியர்கள் கோபப்பட வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். 1890-இலிருந்து வருகிற கத்தி, மரப்பிடி, மெல்லிய அலகு, பழம் நறுக்க அதைப்போல எதுவும் இல்லை. ஆனால் பயணத்துக்கு எடுத்துப் போகும்போது இரண்டு விஷயம். 1955-இல் அவர்கள் சேர்த்த சுழல் வளையம் ஒரு பூட்டு. அளவு எண் 6-இலிருந்து மேலே எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எல்லோரும் வாங்கும் எண் 8-இன் அலகு 8.5 செ.மீ., அதனால் மேலே சொன்ன பல இடங்களில் தெருவில் வைத்துக்கொள்ள முடியாது. எண் 5-உம் அதற்குக் கீழேயும் வளையம் இல்லை, அலகும் 6 செ.மீ. அல்லது அதற்குள். இரண்டாவது விஷயம் ஈரம். கார்பன் எஃகு அலகைக் கழுவிவிட்டு அவசரத்தில் துடைக்காமல் மடக்கி, ஈரத் துண்டோடு பெட்டியில் போட்டு, இரண்டு விமானம் மாறி வீட்டுக்கு வந்து திறந்தால் அலகு முழுக்க ஆரஞ்சுப் புள்ளி. திறந்தால் என்று சொல்கிறேன், திறப்பதே பெரும்பாடாகிவிட்டது, ஏனென்றால் மரப்பிடி ஊதி அலகைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. பிடியின் பின்முனையை ஒரு கட்டையில் நாலு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், அப்படித்தான் எடுத்தேன். பயணத்துக்கு எடுப்பதானால் துருப்பிடிக்காத எஃகில் வருவதை எடுங்கள். கூர் சீக்கிரம் போகும் என்பார்கள். போகட்டும், வீட்டுக்கு வந்து சாணை பிடித்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள்ளிருந்து காணாமல் போன கத்தி கொஞ்சம் உயர்ந்த ரகம். பார்த்தாலே எடுக்கத் தோன்றும். அதை நான் பெட்டியின் வெளி ஜிப்பில், அழகான தோல் உறையோடு வைத்திருந்தேன். பெட்டி வந்தது, உறைகூட வரவில்லை. எந்த இடத்தில் யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. புகார் கொடுத்ததற்கு, விலையுயர்ந்த பொருளைப் பெட்டியில் வைத்தது என் பொறுப்பு என்ற அர்த்தத்தில் மரியாதையான ஒரு பதில் வந்தது. கோபம் வந்தாலும், அதில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்தது. வெளி ஜிப்பில் வைத்தது நான்தானே. அதிலிருந்து ஒரு பழக்கம். கடையில் புதிதாக அதே கத்தியை வாங்க மனம் கூசாது என்றால் மட்டும்தான் அது பெட்டிக்குள் போகும். யாராவது கொடுத்த கத்தி, இனி கிடைக்காத கத்தி, பெயர் பொறித்த கத்தி, எதுவும் வீட்டு வாசலைத் தாண்டாது.

அடுக்குவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியைச் சோதிக்கிறவர் உள்ளே கைவிட்டுத் துழாவுவார், அவர் விரல் வெட்டுப்படக்கூடாது, மொத்த விதியும் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் வருகிறது. மடக்குக் கத்திக்கு மேலே ஒரு ரப்பர் பேண்டு. மடங்காத கத்தி என்றால் உறை, உறை இல்லாவிட்டால் இரண்டு மடிப்பு அட்டையை அலகுக்கு மாட்டி டேப் சுற்றினால் போதும். ஒரு சின்ன ஜிப் பைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே. யாரும் பார்க்கக்கூடாது என்று டப்பாவுக்குள்ளோ காலுறைச் சுருளுக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது கத்தியாகத்தான் தெரியும், கூடவே ஒளித்து வைத்த கத்தியாகவும் தெரியும்.

இதைவிட எனக்குப் பெரிய தலைவலி தந்தது கத்தியே அல்ல. 'எல்லாச் சாமானும் ஒரே இடத்தில்' என்று ஆசைப்பட்டு, கத்தி, டார்ச், பவர்பேங்க், லைட்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். விமானம் ஏறும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கியில் என் பெயர். கத்திக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வியர்த்துக்கொண்டே போனேன், மனதுக்குள் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு. அவர்கள் கத்தியைத் தொடவே இல்லை. பவர்பேங்கையும் லைட்டரையும் மேசையில் எடுத்து வைத்தார்கள். லித்தியம் மின்கலம் சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை, அதனால் பவர்பேங்கும் தனி மின்கலங்களும் கேபினில்தான் வர வேண்டும். லைட்டரும் பெட்டியில் கூடாது. கத்தி கீழே, பவர்பேங்க் மேலே, நேர்மாறான விதி. அதனால் இப்போது இரண்டு பை. துரு வராமல் இருக்க எண்ணெய் ஸ்பிரே டப்பாவைக் கூடவே வைப்பவர்களும் அதை வீட்டில் விட்டுவிடலாம், எரியக்கூடிய அந்த மாதிரி ஸ்பிரேக்கு விமானத்தில் எங்குமே இடமில்லை. எண்ணெய் தொட்ட ஒரு துணியால் கிளம்பும் முன் துடைத்தால் போதும்.

கூடாரப் பயணம் போய்விட்டு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் போகிறவர்கள் கத்தியையும் காலணியையும் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள். அங்கே அவர்கள் தேடுவது கூர்மையை அல்ல, ஒட்டியிருக்கும் மண்ணை.

சரி, சின்னக் கத்தியைக் கேபினிலேயே கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். சில இடங்களில் போகலாம் என்பது உண்மைதான். ஐரோப்பிய ஒன்றிய விதியில் 6 செ.மீ. வரை அலகு தடையில்லை. கனடாவும் 2017 நவம்பரில் 6 செ.மீ. வரை விட ஆரம்பித்தது, ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் கிடையாது. அமெரிக்கா 2013 மார்ச்சில் இதே மாதிரி ஒரு தளர்வை அறிவித்து, விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் ஜூனிலேயே கைவிட்டது. இந்த 6 செ.மீ. கணக்கை நம்பித்தான் என் மூன்றாவது கத்தி போனது. ஏறின ஊரில் விட்டார்கள், விமானம் மாறின ஊரில் மறுபடியும் சோதனை, அங்கே தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. விதிப்படி விடலாம் என்று நானும் ஒரு நிமிடம் வாதாடினேன். அந்த மேசையில் கடைசி வார்த்தை அவர்களுடையது, விமானமும் காத்திருக்காது. கேபின் பை மட்டும் என்றால் அலகே இல்லாத கருவியை எடுங்கள். விக்டோரினாக்ஸில் ஜெட்செட்டர், லெதர்மேனில் ஸ்டைல் பி.எஸ். என்று வந்திருக்கின்றன. கத்தரி இருக்கும், அதுவே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

விமானம் மாறுவதில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் ஊரில் பெரும்பாலும் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்த இடைவெளியில் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர் எடுக்கிறேன், பாட்டிலை உள்ளே வைக்கிறேன் என்று கைமாற்றும்போது சாமான் இடம் மாறிவிடும். இரவு தங்கி மறுநாள் ஏறுவதாக இருந்தால், அந்த ஒரு இரவுக்கு அந்த ஊர்ச் சட்டமும் உங்கள் பெட்டிக்கு உண்டு. போகும் ஊர்ச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு நடுவில் நிற்கும் ஊரை மறந்துவிடுகிறோம்.

போய் இறங்கி வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் செய்கிறேன். பிளாஸ்டிக் உறையோடு வரும் ஒரு சின்னக் காய்கறிக் கத்தி, அந்த ஊர்க் கடையிலேயே. தங்கும் அறைகளில் இருக்கும் கத்திகள் எல்லாம் மொக்கை, அதனால் கிளம்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் அடுத்து வருபவர் வாழ்த்துவார். பெட்டி தாமதமாகி இரண்டு நாள் கழித்து வந்த ஒரு தடவைக்குப் பிறகு இன்னொன்றும் புரிந்தது, மருந்து அட்டையைப் பிரிப்பது மாதிரி உடனே தேவைப்படும் எதற்கும் பெட்டியில் இருக்கும் கத்தியை நம்பக்கூடாது.

இனி அந்தத் திரும்பும் நாள் காலை. இதற்கு நான் எத்தனையோ செய்து பார்த்தேன். போனில் அலாரம் வைத்தேன், அடித்தபோது குளித்துக்கொண்டிருந்தேன். கத்தியின் ஜிப் பையைப் பளிச்சென்ற மஞ்சளில் வாங்கினேன். பை பெட்டியில் பத்திரமாக இருந்தது, கத்திதான் அதில் இல்லை. கடைசியில் நின்றது இதுதான். ஊர் போய்ச் சேர்ந்து பெட்டியிலிருந்து கத்தியை எடுக்கிற அந்த நிமிடமே ஒரு துண்டுக் காகிதத்தில் 'கத்தி' என்று எழுதி, சின்னப் பையின் பெரிய ஜிப்பில் நூலால் கட்டிவிடுகிறேன். ஊர் சுற்றும்போது அது ஆடிக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும். கத்தி பெட்டிக்குள் திரும்பப் போன பிறகுதான் அதை அறுக்க வேண்டும். போன பயணத்தில் கால் டாக்சி கீழே ஹாரன் அடிக்க, பெட்டியைப் பூட்டிவிட்டு, சின்னப் பையைத் தோளில் போடும்போது காகிதம் கையில் தட்டியது. எடுத்து வைத்துவிட்டேனே, காகிதத்தைத்தான் அறுக்க மறந்திருக்கிறேன் என்று உறுதியாக நினைத்தேன். இருந்தாலும் முன் அறைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். இருந்தது.